சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள்

ஒலுவில் பிரதான வீதியில் ஒரு பேக்கரி என்று வைத்துக்கொள்வோம். சாமத்தில் மாக் குழைக்க இரண்டு பேர், அடுப்படியில் இரண்டு பேர், முன்கடையில் நான்கு பேர், ஓட்டோவில் பாண் கொண்டுபோக மூன்று பேர், கணக்கெழுத ஒருவர். மொத்தம் பன்னிரண்டு பேர். ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் போகும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் ஐந்து பெயர்கள்தான் இருக்கும்.

சம்பளக் கணக்காய்வு பற்றிய வெளிநாட்டுப் பாடநூல்கள் முதலில் சொல்லித் தருவது, இல்லாத ஆளின் பெயரில் சம்பளம் போகிறதா என்று பார்க்கத்தான். அதுவும் வேண்டும். ஆனால் கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள எங்கள் கரையோரத்துக் கடைகளிலும் ஆலைகளிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதற்கு நேர்மாறானது: இருக்கிற ஆள் ஏன் பட்டியலில் இல்லை? பட்டியலில் பேய் இருந்தால் நட்டம் முதலாளிக்கு. ஆள் இருந்தும் பெயர் இல்லாவிட்டால் நட்டம் அந்த ஆளுக்கும் அவர் பிள்ளைகளுக்கும். பல வருடம் கழித்து அது முதலாளியின் தலையிலும் வந்து விழும்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகமோ முகாமைத்துவமோ படித்து முடித்தவர்களையும், சம்மாந்துறை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தில் கணக்கியல் டிப்ளோமா செய்கிறவர்களையும், ஏஏடி பரீட்சை எழுதிக்கொண்டே கடையொன்றில் கணக்கு வேலை பார்க்கிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ‘ஒருக்கா எங்கட சம்பளக் கணக்கப் பாத்துத் தாங்க’ என்று ஒரு முதலாளி கேட்டால் எங்கே தொடங்குவது, எதைத் தேடுவது, கண்டதை எப்படிச் சொல்வது என்பதுதான் விஷயம். இந்த வேலையைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் குறைவு. தேவையோ நிறைய.

கணினியைத் திறக்க முன் காலால் நடவுங்கள்

சம்பளத் தாளைக் கையில் எடுத்ததும் கூட்டல் சரியா என்று பார்க்கத் தோன்றும். கூட்டல் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் எக்செல் அதைச் செய்துவிடுகிறது. தாளில் இல்லாததை எக்செல் காட்டாது. ஆகவே முதல் வேலை, ஆட்கள் வேலை செய்யும் நேரத்துக்கு அங்கே போய் நிற்பது. பேக்கரிக்கு அதிகாலை மூன்று மணிக்குப் போங்கள். நெல் ஆலைக்கு லொறியில் மூட்டை ஏற்றும் நேரத்துக்குப் போங்கள். புடவைக் கடைக்கு மஃரிபுக்குப் பிறகு போங்கள். முதலாளியிடம் அனுமதி வாங்குங்கள், ஆனால் நாளைச் சொல்லாதீர்கள்.

கொப்பியொன்றில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். கடையில் அவரைக் கூப்பிடும் பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயர், அட்டை இலக்கம், எப்போதிருந்து வேலை, என்ன வேலை, நாளுக்கா மாதத்துக்கா மூட்டைக்கா கூலி, சென்ற மாதம் கையில் எவ்வளவு கிடைத்தது, யார் கொடுத்தார். கடைசி இரண்டையும் தொழிலாளியிடமே கேட்க வேண்டும். சம்பளத் தாளில் 32,000 என்றிருக்கும், அவர் 28,000 என்பார். இடையில் போன 4,000 முற்பணக் கழிவாக இருக்கலாம், யாரோ ஒருவரின் சட்டைப் பையிலும் இருக்கலாம். கேட்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

இப்போது கொப்பியையும் சம்பளத் தாளையும் சேமலாப நிதிக்கு மாதாமாதம் போகும் பட்டியலான சி படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கொப்பியில் இருந்து தாளில் இல்லாதவர், தாளில் இருந்து சி படிவத்தில் இல்லாதவர், தாளிலோ சி படிவத்திலோ இருந்து கொப்பியில் இல்லாதவர் என்று மூன்று பட்டியல்கள் கிடைக்கும். உங்கள் கணக்காய்வின் பாதி அந்த மூன்றுக்குள் இருக்கிறது.

முதல் இரண்டு பட்டியலையும் காட்டினால் முதலாளி சொல்லப்போவது அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

“தம்பி, அவன் நாள் கூலிக்கு வாற ஆள். அவனுக்கு என்னத்துக்கு ஈபிஎஃப்?”

“ஹாஜியார், சட்டம் நாள் கூலி, மாதச் சம்பளம் எண்டு பாக்கிறல்ல. உங்களுக்குக் கீழ வேல செய்றாரா எண்டுதான் பாக்கும்.”

“இவன் வந்து மூணு மாசந்தானே. நிரந்தரமாக்கினாப் பொறகு போடுவம்.”

“முதல் நாள்லேருந்து கட்டணும் ஹாஜியார். தகுதிகாண் காலம் எண்டு விலக்கு இல்ல.”

அந்தத் தம்பி சொல்வது சரி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிகம், நாளாந்தம், துண்டுக் கூலி என்று பார்ப்பதில்லை. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் பொருந்தும். வீட்டு வேலையாட்களும் குடும்பத்தவர் மட்டுமே வேலை செய்யும் தொழில்களும் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. பேக்கரியில் மகனும் மருமகனும் மட்டும் நின்றால் ஒரு கதை. வெளியாள் ஒருவர் வந்துவிட்டால் கதை வேறு.

நெல் ஆலை நாட்டாமைமாரின் விஷயம் கொஞ்சம் சிக்கலானது, அதனால் அங்கே நேரம் எடுங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள், இன்று இந்த ஆலை, நாளை அந்த ஆலை என்று போகிறார்கள். அவர்கள் தனியே நின்று தொழில் செய்கிறவர்களா, ஆலையின் ஆட்களா? யார் அவர்களை வரச் சொல்கிறார், யார் வேலை நேரத்தைத் தீர்மானிக்கிறார், அவர்கள் வேறு ஆலைக்குப் போக மறுப்புண்டா, எத்தனை மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். பத்து வருடம் ஒரே ஆலையில் மூட்டை சுமப்பவரை வெளியாள் என்று சொல்லித் தொழில் அதிகாரியிடம் தப்புவது கடினம். மருதமுனை, நிந்தவூர்ப் பக்கத்தில் மற்றவரின் தறியில் துண்டுக் கூலிக்கு நெய்பவர்களுக்கும் இதே கேள்விகள்தான்.

எட்டு, பன்னிரண்டு, மூன்று: எதன் மேல்?

ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி தன் பங்காக 12 சதவீதம், ஆக 20 சதவீதம் சேமலாப நிதிக்கு. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம். இந்த எண்கள் எல்லாருக்கும் தெரியும். எதன் மேல் கணக்கிடுவது என்பதில்தான் பிழை நடக்கிறது.

அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் கணக்கிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வாழ்க்கைச் செலவுப் படி, சாப்பாட்டுப் படி, விடுமுறை நாளுக்குக் கொடுத்த சம்பளம் எல்லாம் சேரும். சமைத்த சாப்பாடாகவே கொடுத்தாலும் அதன் காசுப் பெறுமதி கணக்கில் வரும். சேராதது மேலதிக நேரக் கொடுப்பனவு. ஓர் உதாரணத்தைப் பாருங்கள். அடிப்படை 30,000 ரூபா, சாப்பாட்டுப் படி 6,000, மேலதிக நேரம் 4,000. கணக்கிட வேண்டியது 36,000இன் மேல். ஊழியர் 2,880, முதலாளி 4,320, நம்பிக்கை நிதி 1,080. அடிப்படையில் மட்டும் போட்டால் மாதம் 1,380 ரூபா குறையும், வருடத்துக்கு 16,560. இது பட்டியலில் பெயருள்ள ஒருவரின் கதை.

பெயரே இல்லாத ஒருவருக்கு மாதம் 8,280 ரூபாவும் முழுதாகக் குறையும். வருடத்தில் 99,360. மேலே சொன்ன பேக்கரியில் விடுபட்ட ஏழு பேருக்கும் ஒரே கணக்கென்றால் ஒரு வருடத்துக்கு 695,520 ரூபா. ஹாஜியார் ‘சின்ன விஷயம்’ என்று நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். இதன் மேல் தாமதத்துக்கான மேலதிகக் கட்டணம் வேறு. செலுத்தத் தவறிய பத்து நாளுக்குள் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு மாதம் வரை 15, மூன்று மாதம் வரை 20, ஆறு மாதம் வரை 30, பன்னிரண்டு மாதம் வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட நிலுவை ஒன்றரை மடங்காகிறது. இந்த எண்களை முதலாளியின் முன் வையுங்கள். அறிவுரையை விட அவை வேகமாக வேலை செய்யும்.

இன்னொரு பிழையும் உண்டு, அதை நான் பிழை என்று கூடச் சொல்லமாட்டேன். சில இடங்களில் 8உடன் 12ஐயும் சேர்த்து, 20 சதவீதத்தையும் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். ‘இருபது பிடிக்கிறம், கட்டுறம்’ என்று பெருமையாகவும் சொல்வார்கள். முதலாளியின் பங்கை ஊழியரிடம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. சம்பளச் சிட்டையில் கழிவு வரியைப் பெருக்கிப் பாருங்கள். 36,000க்கு 7,200 கழிந்திருந்தால் இதுதான் நடக்கிறது.

அடுத்து ஆகக் குறைந்த சம்பளம். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தில் மாதம் 10,000 ரூபாவாக இருந்தது. 2025 திருத்தத்தின்படி அவ்வருடம் ஏப்ரல் 1 முதல் 27,000, 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபா. நாட்சம்பளம் 1,080, பிறகு 1,200. பழைய தொகையிலேயே நிற்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் அங்கே நிற்பவர்கள் பெண் பிள்ளைகள், ‘வீட்டில சும்மா இருக்காம வாறாங்க’ என்று சொல்லிக் குறைத்துக் கொடுக்கப்படுகிறவர்கள். அந்த வரிகளைச் சிவப்பு மையால் குறியுங்கள்.

வருமான வரியைப் பற்றி நீண்டு சொல்லத் தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபாவுக்கு மேல் வாங்குபவருக்குத்தான் ஏபிஐடி கழிக்க வேண்டும். கழித்தால் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டியதா என்று பாருங்கள். சிறிய கடைகளில் முகாமையாளர் ஓரிருவர்தான் இதற்குள் வருவார்கள்.

ஒரே கூரை, இரண்டு சட்டம்

மேலதிக நேரக் கணக்கு எங்கள் ஊரில் ரமழானில்தான் உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. கடைசிப் பத்தில் கல்முனைப் புடவைக் கடைகளில் சாமம் வரை விளக்கு அணைவதில்லை. பேக்கரியில் அடுப்பு ஓய்வதில்லை. அந்த மாதத்துக்கு எல்லாருக்கும் ‘பெருநாள் காசு’ என்று ஒரு தொகை கொடுக்கப்படும், தொழிலாளியும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். கணக்காய்வாளர் அந்தத் தொகையை மணித்தியாலங்களால் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்பளிப்பு வேறு, உழைப்புக்கான காசு வேறு. இரண்டையும் ஒரே உறையில் போட்டால் இரண்டாவது காணாமல் போய்விடும்.

கணக்கிடும் முறை இது. முன்கடையில் நிற்பவர்கள் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 45 மணித்தியாலம். மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரையால் பெருக்கினால் ஒரு மணித்தியாலத்துக்கான மேலதிகக் கொடுப்பனவு. மேலதிக நேரம் வாரத்தில் 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. அடுப்படியில் நிற்பவர்களோ சம்பளச் சபையின் கீழ் வருகிறார்கள், ஏனென்றால் பேக்கரித் தொழிலுக்குத் தனிச் சம்பளச் சபை உண்டு. அங்கே பொதுவாகப் பிரிப்பது 200ஆல். 30,000 ரூபா வாங்கும் இருவரை எடுங்கள். முன்கடையில் நிற்பவருக்கு மணிக்கு 187 ரூபா 50 சதம், அடுப்படிக்காரருக்கு 225. ஒரே கூரையின் கீழ் எல்லாரையும் 240ஆல் பிரித்த கணக்கை ஏற்றுக்கொண்டால், 30 மணித்தியாலம் கூடுதலாக நின்ற அடுப்படிக்காரருக்கு அந்த மாதம் 1,125 ரூபா குறைகிறது. நெருப்பின் முன் நிற்பவருக்கே குறைகிறது. ஆகவே ஆளுக்கு ஆள் எந்தச் சட்டம் என்று முதலில் ஒரு நிரலை நிரப்புங்கள், பிறகு பெருக்குங்கள்.

விடுமுறையிலும் கவனம் வேண்டும். வணிகத்துறைக்கான சட்டபூர்வ விடுமுறைகளில் மீலாத் நபி தினம் உண்டு. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் ஊரில் அன்று எந்தக் கடையும் திறக்காது, அது வேறு விஷயம். ஆனால் அந்த நாட்களைச் சம்பளத்துடன் விட்டார்களா, வருடாந்த விடுமுறையில் கழித்தார்களா, நாட்கூலிக்காரருக்குச் சம்பளமே இல்லாமல் போனதா என்று பாருங்கள். கடையில் எழுதப்பட்ட ஒழுங்கு ஒன்று இருக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரி. போயா நாளில் வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம். பல கடைகள் வெள்ளிக்கிழமை பூட்டிப் போயா அன்று திறக்கின்றன, ஆனால் சம்பளத் தாளில் போயாவுக்கென்று நிரலே இருப்பதில்லை.

‘எல்லாம் சேத்து நாப்பத்தஞ்சாயிரம்’ என்று ஒரே தொகை பேசும் வழக்கமும் உண்டு. கேட்க நல்லாயிருக்கும். ஆனால் அதற்குள் எது அடிப்படை, எது படி, எது மேலதிக நேரம் என்று யாருக்கும் தெரியாது. பிரித்து எழுதாவிட்டால் தொழில் அதிகாரி முழுத் தொகையையும் சம்பளமாக எடுத்துச் சேமலாப நிதி கேட்க இடமுண்டு. தொழிலாளி எத்தனை மணித்தியாலம் நின்றாலும் தொகை மாறாது என்பது இன்னொரு பக்கம். இது சின்னக் கடைகளின் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனங்களில் ஒன்றான வூல்வேர்த்ஸ் 2019 ஒக்டோபரில் இதே இடத்தில் மாட்டியது. கடைப் பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரே தொகையாக வருடச் சம்பளம் பேசி, அவர்கள் உண்மையில் நின்ற மணித்தியாலங்களோடு அதை ஒப்பிடாமல் விட்டதில், சுமார் 5,700 பேருக்கு 300 மில்லியன் டொலர் வரை குறைத்துக் கொடுத்திருக்கலாம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. கணக்காளர் படையே வைத்திருந்த நிறுவனம் அது. வரவுப் பதிவேட்டையும் சம்பளத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை யாரும் செய்யவில்லை.

பேய்களும் பெயர்களும்

இனி அந்த மூன்றாவது பட்டியல்: தாளில் இருக்கிறார், ஆளைக் காணவில்லை. தன்சானியாவில் 2016இல் அரச சம்பளப் பட்டியலைத் துருவியபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இல்லாத ஊழியர்கள் அகப்பட்டார்கள். எங்கள் பக்கம் இது அந்த அளவில் நடப்பதில்லை. இங்கே பேய் என்பது பெரும்பாலும் கட்டாருக்கோ சவூதிக்கோ போன ஒருவர். போய் இரண்டு மாதமாகியும் பெயர் வெட்டப்படவில்லை, காசு யாரோ ஒருவரின் கைக்குப் போகிறது. விலகியவர்களின் பட்டியலைத் தனியே கேளுங்கள். கடைசியாக வரவுப் பதிவேட்டில் கையெழுத்திட்ட நாளையும் கடைசிச் சம்பள நாளையும் ஒப்பிடுங்கள்.

ஒரே ஆள் இரண்டு பெயரில் இருப்பதும் உண்டு, அதைப் பிடிக்கத் தேசிய அடையாள அட்டை இலக்கம்தான் வழி. 2016க்குப் பிறகு பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டை வந்தது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். ஒரே ஆளின் பழைய இலக்கம் ஒரு வரியிலும் புதிய இலக்கம் இன்னொரு வரியிலும் இருந்தால் எக்செல் அவர்களை இரண்டு பேராகத்தான் பார்க்கும். கடைசி எழுத்தை எடுத்துவிடுங்கள், முன்னால் 19 போடுங்கள், பழைய இலக்கத்தின் முதல் ஐந்து எண்களுக்குப் பின் ஒரு 0 சேருங்கள். பழையது புதியதாகிவிடும். எல்லாரையும் பன்னிரண்டு இலக்கத்துக்கு மாற்றிய பிறகு இரட்டைகளைத் தேடுங்கள். வங்கிக் கணக்கு இலக்கத்திலும் இதே தேடல் வேண்டும். இரண்டு பெயர், ஒரு கணக்கு என்று வந்தால் உடனே களவென்று முடிவு கட்டாதீர்கள். தங்கச்சியின் சம்பளம் ராத்தாவின் கணக்குக்குப் போகிற வீடுகள் உண்டு. கேளுங்கள், சம்மதக் கடிதம் வாங்குங்கள், அவரவர் பெயரில் கணக்குத் திறக்கச் சொல்லுங்கள்.

பெயர் எழுத்துகள் எங்கள் ஊரில் தனிப் பிரச்சினை. ஒரே கடையில் ஒரே தலைப்பெழுத்தோடு இரண்டு பேர் இருப்பார்கள். முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். அடையாள அட்டையில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, சி படிவத்தில் மூன்றாவதாக ஒன்று. வேலையில் இருக்கும்வரை இது யாரையும் உறுத்தாது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் காசை எடுக்கப் போகும்போதுதான், ‘இந்த ஆள் நீங்கள்தான் என்பதற்கு ஆதாரம்?’ என்று கேட்பார்கள். அதற்குள் பழைய கடை பூட்டியிருக்கும். ஒவ்வொருவரின் பெயரையும் அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் திருத்தக் கடிதம் அனுப்ப வைப்பது உங்கள் வேலையில் ஆகப் பிரயோசனமான ஒரு மணித்தியாலம்.

பதிவு ஏன் முக்கியம் என்று யாராவது கேட்டால் 2004 டிசம்பர் 26ஐ நினைவுபடுத்துங்கள். இந்தக் கரையில் கடல் கொண்டுபோன வீடுகளோடு நியமனக் கடிதங்களும் அடையாள அட்டைகளும் போயின. கடையின் பேரேடுகளும் போயின. கொழும்பில் மத்திய வங்கியின் பொறுப்பில் இருந்த சேமலாபக் கணக்குகளைத் தண்ணீர் தொடவில்லை. கணக்கு இருந்த குடும்பத்துக்குக் கேட்டு வாங்க ஒரு வழி இருந்தது.

பிடித்த காசு போய்ச் சேர்ந்ததா?

சம்பளச் சிட்டையில் 8 சதவீதம் கழிந்திருப்பது பாதிச் சான்றுதான். அந்தக் காசு அடுத்த மாத முடிவுக்குள் நிதியில் வரவாகியிருக்க வேண்டும். வங்கிப் பற்றுச்சீட்டின் திகதி, தொகை, சி படிவத்தின் மொத்தம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பன்னிரண்டு மாதத்துக்கும் பாருங்கள். விற்பனை குறைந்த மாதங்களில் முதலாளி இந்தக் காசை மாவுக்கும் சீனிக்கும் திருப்பியிருப்பார், ‘அடுத்த மாசம் சேத்துக் கட்டுவம்’ என்ற எண்ணத்தில். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த காசு முதலாளியின் கையில் இருக்கும் அமானிதம். அதை எடுத்து வியாபாரத்தை ஓட்ட யாருக்கும் உரிமையில்லை. இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத் தயங்காதீர்கள். எங்கள் முதலாளிமார் மற்ற அமானிதங்களில் எவ்வளவு பேணுதலானவர்கள் என்பது எனக்குத் தெரியும். இதையும் அந்த வரிசையில் வைத்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. மலையகத்தில் அரசின் கையிலிருந்த ஜனவசம தோட்டங்களிலும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத் தோட்டங்களிலும் தொழிலாளரின் சேமலாப நிதியும் பணிக்கொடையும் வருடக்கணக்கில் நிலுவையாகி, பாராளுமன்றக் குழு வரை பேசப்பட்டது. ஓய்வுபெற்ற தொழிலாளி காசுக்காக அலைந்தார். சட்டம் இல்லாததால் வந்த நிலையல்ல இது. மாதாமாதம் பார்த்து நிறுத்த வேண்டியவர்கள் நிறுத்தாமல் விட்டதால் வந்தது.

நம்பிக்கை நிதியை எல்லாரும் சின்னதாக நினைக்கிறார்கள், 3 சதவீதம்தானே என்று. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடையும் உறுப்பினரின் பிள்ளைக்கு அந்த நிதியிலிருந்து உதவி உண்டு. இதய சத்திரசிகிச்சைச் செலவிலும், உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தாலும் உதவி உண்டு. முதலாளி கட்டாமல் விட்டால் இவை எதற்கும் விண்ணப்பிக்க முடியாது.

பணிக்கொடையையும் சேர்த்துப் பாருங்கள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் எந்த நாளிலாவது பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால், ஐந்து வருடம் சேவை முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை கொடுக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், மற்றவர்களுக்குப் பதினான்கு நாள் கூலி. பட்டியலில் ஒன்பது பேர், நேரில் எண்ணினால் பதினாறு பேர் என்றால், உங்கள் கொப்பி அங்கே ஒன்பது பேருக்கும் சேர்த்துத்தான் பேசுகிறது.

‘நாங்க சொஃப்ட்வெயார் போட்டாச்சு, இனிப் பிழ வராது’ என்று சொல்பவர்களுக்குக் கனடாவைக் காட்டுங்கள். அந்த நாட்டு அரசாங்கம் 2016 பெப்ரவரியில் தொடங்கிய ஃபீனிக்ஸ் சம்பள முறையால் அரச ஊழியரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குறையவோ கூடவோ சம்பளம் வாங்கி அல்லல்பட்டார்கள். மென்பொருள் வந்த முதல் மூன்று மாதங்களுக்கு ஆளுக்கு ஆள் கையாலும் ஒருமுறை கணக்கிட்டு ஒப்பிடுவது எந்தக் கடைக்கும் இயலும்.

கண்டதை எப்படிச் சொல்வது

இந்த ஊரில் கணக்காய்வாளருக்கு முதலாளி வாப்பாவின் கூட்டாளியாகவோ, சாச்சாவாகவோ, பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவராகவோ வந்து அமைவார். அது கஷ்டந்தான். அதற்காகக் கண்டதை மெழுகவும் வேண்டாம், நாலு பேர் முன்னிலையில் சொல்லவும் வேண்டாம். தனியே இருந்து, இரண்டு பக்கத்துக்கு மேற்படாத அறிக்கையோடு பேசுங்கள். முதல் பக்கத்தில் எவ்வளவு, யாருக்கு, எத்தனை மாதம். இரண்டாம் பக்கத்தில் எதை எப்போது திருத்துவது. பெயர் குறிப்பிட்டு யாரையும் கள்ளன் என்று எழுதாதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: ‘இன்ன மாதத்தில் இன்னாரின் சம்பளம் கொடுத்ததற்குக் கையெழுத்து இல்லை.’ விளக்கம் கேட்பது முதலாளியின் வேலை.

திருத்தும் ஒழுங்கு முக்கியம். எல்லா நிலுவையையும் ஒரே நாளில் கட்டச் சொன்னால் முதலாளி அறிக்கையை மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார். இந்த மாதச் சம்பளத்திலிருந்து எல்லாரையும் பட்டியலில் ஏற்றுவது முதல். ஆகக் குறைந்த சம்பளத்துக்குக் கீழே இருப்பவர்களைத் தூக்குவது அதோடு. பிறகு ஒரு வருடத்துக்குட்பட்ட நிலுவை, மேலதிகக் கட்டணம் 50க்கு ஏற முன். பழைய நிலுவைக்குக் கல்முனைத் தொழில் அலுவலகத்துக்குத் தாமாகவே போய்ப் பேசச் சொல்லுங்கள். முறைப்பாடு வந்த பிறகு அதிகாரி கடைக்கு வருவதும், முதலாளி கணக்கோடு அலுவலகத்துக்குப் போவதும் ஒன்றல்ல.

சிறிய கடையில் பெயர் சேர்ப்பவர், கணக்கிடுபவர், காசு கொடுப்பவர் மூவரும் ஒரே ஆளாக இருப்பார். அதைப் பிரிக்க ஆளில்லை என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலாளியே தன் கையால் ஒவ்வொருவருக்கும் சம்பளச் சிட்டையைக் கொடுக்கட்டும், முகத்தைப் பார்த்து. செலவே இல்லாத கட்டுப்பாடு இது.

சம்பளத் தாளைக் கைபேசியில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை உங்களோடே நிறுத்துங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது ஊரில் பரவினால் அடுத்த கடைக்காரர் உங்களைக் கூப்பிடமாட்டார்.

தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் உங்கள் சொந்தச் சம்பளச் சிட்டையில் தொடங்கலாம். 8 சதவீதம் எதன் மேல் பிடிக்கப்பட்டிருக்கிறது, உங்கள் சேமலாபக் கணக்கில் சென்ற வருடம் எவ்வளவு வரவாகியிருக்கிறது, அடையாள அட்டையும் உறுப்பினர் பெயரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு தெரிந்த ஒரு கடைக்கு ஒரு மாதக் கணக்கை மட்டும் பார்த்துக் கொடுங்கள். கட்டணத்தை ஆட்களின் தொகைக்குப் பேசுங்கள், கண்டுபிடித்த நிலுவையின் பங்காகப் பேசாதீர்கள். நிலுவையில் பங்கு கேட்பவரின் எண்ணை யாரும் நம்பமாட்டார்கள். ஆறு மாதம் கழித்து அதே கடைக்குச் சொல்லாமல் போய், அதே கொப்பியில் புதிதாக வந்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள்.